பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடு, மக்ளே

அன்பு மக்ளே,

கன்னியாகுமரி லாட்ஜ் சோலி உனக்குக் கிடைத்ததை முதலில் உன் அம்மை சொன்னாள், பிறகு உன் அத்தை சொன்னாள், கடைசியில் நீயே போன் பண்ணிச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்கிற மாதிரிதான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பேச்சோடு பேச்சாக, “அண்ணாச்சி அவரோட ஜிமெயில் பாஸ்வேர்டையே வாட்ஸாப்பில அனுப்பிட்டாரு மாமா, அவ்வளவு நம்பிக்கை” என்றாய் பார், அதிலிருந்து எனக்கு ஒரே வெப்ராளம். போனில் சொன்னால் நீ ‘உம், உம்’ என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேறெதையாவது தட்டிக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் தின்றுவிட்டுச் சாவகாசமாக வாசி.

லாட்ஜ் நடத்துகிற அண்ணாச்சியின் சங்கடம் எனக்குப் புரிகிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன்மார் கூட்டம், அது முடியுமுன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலா. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அதைப் பார்க்கவென்றே வருகிறவர்களும் உண்டு. இந்த நேரத்தில் அறை உறுதியானதைச் சொல்லும் மெயில் விருந்தினரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தால், அவர் மெயில் வரவில்லை என்று நினைத்துப் பாதி ராத்திரியில் போன் பண்ணுவார். இல்லையென்றால் பக்கத்து லாட்ஜில் இன்னொரு அறையும் போட்டு வைப்பார். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் பார்த்தால் காரணம் தெரியும் என்று நீ சொன்னது சரியான வைத்தியம்தான். 2015-லிருந்து இருக்கிற, காசு கொடுக்க வேண்டாத வசதி. அண்ணாச்சியின் டொமைன் விவரம் அங்கே உனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டாய். அவர் தெரிந்த ஒரே வழியில் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பாஸ்வேர்டு எதையெல்லாம் திறக்கும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நீ யோசிக்க வேண்டும். லாட்ஜ் நடத்துகிறவரின் மெயில் பெட்டி அது. பேங்க் செய்திகள், ஆடிட்டர் அனுப்பிய கணக்கு, முன்பதிவு செய்தவர்களின் ஆதார் நகல் எல்லாம் அதில் கிடக்கும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசாங்கத்திடம் பதிய வேண்டும் என்பதால், முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட் படங்களும் அதே பெட்டியில் இருக்கும். நீ பார்க்க வேண்டியது ஒரு வரைபடம். அதற்காக இத்தனையையும் கடந்து போக வேண்டாம். நீ எதையும் திறக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் என்றைக்காவது அதிலிருந்து ஒரு காகிதம் வெளியே போனால், யாரிடமெல்லாம் பாஸ்வேர்டு இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்றும் நடக்கும். நாகர்கோவிலில் உட்கார்ந்து நீ அவர் கணக்குக்குள் நுழையும்போது, “நுழைவது நீங்கள்தானா?” என்று அவர் போனில் கூகுள் கேட்கும். அவர் வரவேற்பு மேசையில் நின்று, ஒரு கையில் சாவி, ஒரு கையில் பதிவேடு என்று கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருப்பார். நம்ம பிள்ளைதான் என்று ‘ஆமாம்’ என்பதைத் தொட்டுவிடுவார். அடுத்த வாரமும் தொடுவார். இப்படிக் கைபழகிப் போனவரிடம் ஒருநாள் எங்கோ இருக்கிற திருடனுக்காக அதே கேள்வி வரும்போதும் ‘ஆமாம்’தான். அந்தப் பழக்கத்தை அவருக்கு நீ உண்டாக்கிக் கொடுக்கக் கூடாது.

2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் அவர் கணினிக்குள் போவதைத்தான் முதலில் எடுத்துச் சொல்கிறது. இன்றைக்கு அண்ணாச்சிக்குச் சம்மதம் உண்டு. நாளை ஒரு மனஸ்தாபம் வந்தால், எது வரைக்கும் சம்மதித்தார் என்பதை எதை வைத்துக் காட்டுவாய்?

வழி ரொம்ப எளுப்பமானது. அடுத்த தடவை நீ கன்னியாகுமரி போகும்போது அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவர் கையாலேயே போஸ்ட்மாஸ்டர் டூல்ஸைத் திறந்து டொமைனைச் சேர்க்கட்டும். டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் போடுவதற்கு நீளமாக ஒரு டிஎக்ஸ்டி வரியைக் கூகுள் கொடுக்கும். அதைப் போட்டுச் சரிபார்த்ததும் டொமைன் அவர் பேரில் உறுதியாகிவிடும். பிறகு டொமைன் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டால் ‘மேனேஜ் யூஸர்ஸ்’ வரும். அதில் கூட்டல் குறியைத் தொட்டு உன் கூகுள் கணக்கின் முகவரியை அவர் சேர்த்தால் போதும். நீ உன் வீட்டில், உன் கணக்கில், உன் பாஸ்வேர்டில் நுழைந்து பார்க்கலாம். உனக்குத் தனியாக ஒரு சரிபார்ப்பும் வேண்டாம். அவருக்கு எப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதோ, அதே இடத்தில் உன் பேரை எடுத்துவிடலாம். உன்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தன் போனில் தானே செய்து பார்த்தால் அவருக்கும் ஓர்மை இருக்கும்.

இதில் உனக்கு ஒரு குறுக்குவழி தோன்றும். டிஎன்எஸ் உன் கையில்தானே இருக்கிறது, உன் கணக்கிலேயே டொமைனைச் சேர்த்து, உனக்கென்று ஒரு டிஎக்ஸ்டி வரி வாங்கிப் போட்டுவிட்டால் அண்ணாச்சியைத் தொந்தரவு பண்ண வேண்டாமே என்று. கூகுள் அதையும் ஒத்துக்கொள்ளும். அதில்தான் மோசமே இருக்கிறது மக்ளே. அந்த வரியைப் போட்டால், கூகுளின் கணக்கில் நீயும் அந்த டொமைனுக்கு உரிமையாளர். அதே சரிபார்ப்பு ஸர்ச் கன்சோலிலும் செல்லும். அந்த லாட்ஜ் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்பது வரைக்கும் உன் கைக்கு வந்துவிடும். வரி அங்கே இருக்கிற காலம் மட்டும் உரிமையும் இருக்கும். நாலைந்து வருஷம் கழித்து அந்த வரியைப் பார்க்கிற இன்னொருவருக்கு அது யார் போட்டது, எதற்குப் போட்டது என்று ஒன்றும் தெரியாது. எடுக்கப் பயந்து அப்படியே விட்டுவிடுவார். உரிமையாளர் அவர், பார்வையாளர் நீ. அந்த வரிசை மாறக் கூடாது.

மாமன் மருமகளுக்கு இதை எழுதுவதற்கு நாஞ்சில் நாட்டில் பழைய காரணம் ஒன்று உண்டு. மருமக்கள்வழி நடப்பிலிருந்த நாளில் குடும்பச் சொத்து பெண்வழியில் இறங்கும். நடத்திக்கொண்டு போவது மட்டும் மூத்த மாமன், காரணவர். சொத்து அவருடையதில்லை. ஆனால் பத்தாயத்துச் சாவியும் பாட்டக் கணக்கும் அவர் கையில். கணக்குக் கேட்கப் போன மருமக்கள் எத்தனை பேர் கோர்ட்டு வாசலில் கிழவராகியிருப்பார்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்தக் கொடுமையைத்தான் ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று எழுதினார். 1926-இல் திருவிதாங்கூரில் சட்டம் வந்த பிறகே நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு அதிலிருந்து விடுதலை. காரணவர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்லவர் கையிலும் சாவி ஒன்றே ஒன்றாக இருந்தது, அதைத் திரும்ப வாங்க யாருக்கும் வழி இல்லாமலும் இருந்தது. அண்ணாச்சியின் டொமைனுக்கு நீ காரணவர் ஆகிவிடாதே.

அந்த டொமைன் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தாயா? முதலில் அதைப் பார். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நான் மெயில் சர்வர் சோலியில் இருந்த காலத்தில் அடிக்கடி வந்த அழுகை இதுதான். இணையதளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பேரில், தன் மெயில் முகவரியில் எடுத்திருப்பார். நடுவில் அவர் துபாய் போயிருப்பார், அல்லது போன் நம்பர் மாறியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவர் பெட்டியில் போய்ச் சேரும். வியாபாரக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் தளமும் இல்லை, மெயிலும் இல்லை. அண்ணாச்சி டொமைனில் பதிவாளர் பேர், மெயில், போன் மூன்றும் அவருடையதாக இல்லையென்றால், ஸ்பேம் விவகாரத்தைத் தொடுவதற்கு முன் இதைச் சரி பண்ணு. நீ செய்து கொடுக்கப் போகிற மற்றவர்களுக்கும் அப்படித்தான்.

சரி, உள்ளே போனாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் வெறுமையாக இருக்கலாம், பயப்படாதே. மெயில் கொஞ்சமாகப் போகிற டொமைனுக்குப் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் விவரம் காட்டாது. அண்ணாச்சியின் லாட்ஜிலிருந்து ஒரு நாளைக்குப் போகிற சில டஜன் மெயிலுக்குப் பாதி நாள் ஒன்றுமே வராமல் போகலாம். அது ஜிமெயில்காரர்களுக்குப் போனதை மட்டும்தான் காட்டும் என்பதையும் சேர்த்து, இப்போதே அவரிடம் சொல்லிவிடு. பெரிதாக ஆசை காட்டிவிட்டு வெறும் பக்கத்தைக் காட்டினால் அவர் முகம் வாடும், அதைப் பார்த்து நீ ராத்திரி தூங்க மாட்டாய்.

எண் தெரிந்தாலும் நிதானமாக வாசிக்க வேண்டும். ஸ்பேம் விகிதம் குறைவாக இருந்தால் எல்லாம் கொள்ளாம் என்று துள்ளாதே. அந்த விகிதம் இன்பாக்ஸில் போய் விழுந்த மெயில்களில் எத்தனையை ஆட்கள் ஸ்பேம் என்று குத்தினார்கள் என்பதைத்தான் சொல்லும். டிகிம் கையொப்பம் சரியாக இருக்கிற மெயில்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். உங்கள் மெயில் நேராக ஸ்பேம் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தால், அதை யாரும் பார்ப்பதில்லை, குத்துவதும் இல்லை. விகிதம் குறைவாகத்தான் தெரியும். அண்ணாச்சிக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். அதனால் உன் அம்மையின் ஜிமெயிலுக்கும் என்னுடையதுக்கும் உன் சிநேகிதிகளுடையதுக்கும் லாட்ஜிலிருந்து அறை உறுதி மெயில் அனுப்பச் சொல்லி, எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிடு.

சீசனுக்கு முன்னால் பழைய விருந்தினர் எல்லோருக்கும் சலுகை மெயில் ஒன்று அனுப்பலாம் என்று அவர் சொன்னதாகச் சொன்னாயே, அங்கேதான் நீ காலை ஊன்றி நிற்க வேண்டும். கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயில் அளவுக்கு அனுப்பினால் நீ மொத்தமாக அனுப்புகிறவர் பட்டியலில். ஒரே ஒரு நாள் அந்த அளவைத் தொட்டாலும் போதும், பிறகு என்றைக்கும் அந்த டொமைனை அப்படித்தான் பார்ப்பார்கள். மெயில் உண்மையாகவே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். ஒரே தட்டலில் விலகிக்கொள்ள வழி வேண்டும், விலகியவருக்கு 2 நாளைக்குள் நிறுத்த வேண்டும். ஸ்பேம் என்று குத்துகிறவர் ஆயிரத்துக்கு ஒருவருக்குள் இருந்தால் நல்லது, ஆயிரத்துக்கு மூன்றைத் தொடவே கூடாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனவருக்கு இந்த லாட்ஜின் பேரே மறந்திருக்கும். அவர் யோசிக்காமல் குத்துவார். போன சீசனில் வந்தவர்களுக்கு மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, பைய அனுப்பலாம் அண்ணாச்சி என்று சொல். அவர் ‘எல்லாருக்கும் போகட்டும்மா’ என்பார். விட்டுக் கொடுக்காதே. உன் அம்மையிடம் புதுச் சுடிதாருக்குப் பிடிவாதம் பிடிப்பாயே, அந்தப் பிடிவாதத்தை இங்கே கொண்டு வா.

டிஎன்எஸ்ஸில் கை வைப்பதைப் பற்றி ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன், அது கைவந்தால் பாதி ஆபத்து இல்லை. எந்த வரியை மாற்றுவதற்கு முன்னாலும் பழைய வரியை அப்படியே நகலெடுத்து, தேதி போட்டு, ஒரு கோப்பில் வை. என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய், அண்ணாச்சியிடம் எப்போது சொன்னாய் என்று அதன் கீழேயே எழுது. உனக்கு எழுதுவது பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் சோதனைக்கூட நோட்டு எழுதப் படுத்தின பாடு எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் எழுது. எஸ்பிஎஃப் வரியையே எடுத்துக்கொள். கூகுள் வழியாக அனுப்ப ஒரு வரி ஏற்கெனவே இருக்கும். புது முன்பதிவு மென்பொருள்காரர் ‘இந்த வரியைச் சேருங்கள்’ என்று இன்னொன்று அனுப்புவார். சொன்னபடி இரண்டாவதாகச் சேர்த்தால், ஒரு டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் ஆகி இரண்டுமே செல்லாமல் போகும். பழையதையும் புதியதையும் ஒரே வரியாக்க வேண்டும். அந்த ஒரு வரிக்குள்ளும் டிஎன்எஸ்ஸைத் தேடிப் போகிற தடவைகள் பத்தைத் தாண்டக் கூடாது. கெட்டுப் போனால் பழைய வரி உன் கோப்பில் இருக்கும், அப்போதே திருப்பிப் போடலாம்.

டிமார்க் அறிக்கைகளும் உனக்கு வேண்டியிருக்கும். அண்ணாச்சியின் டொமைன் பேரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று உலகத்து மெயில் கம்பெனிகள் எழுதி அனுப்புகிற கணக்கு அது. போஸ்ட்மாஸ்டர் டூல்ஸைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் சொல்கிறேன். அந்த அறிக்கை உன் டொமைன் முகவரிக்கு வர வேண்டும் என்றால் அண்ணாச்சி தன் டிஎன்எஸ்ஸில் உன் முகவரியை எழுத வேண்டும். அது மட்டும் போதாது. உன் டொமைனின் டிஎன்எஸ்ஸிலும், இன்ன டொமைனின் அறிக்கையை வாங்கிக்கொள்ள எனக்குச் சம்மதம் என்று ஒரு டிஎக்ஸ்டி வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுப்புகிறவர்கள் அனுப்பக் கூடாது. ஒருவர் இன்னொருவர் பெட்டியில் வேண்டாத கணக்கைக் கொண்டு கொட்டிவிடக் கூடாது என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். கொடுக்கிறவர், வாங்குகிறவர் இருவர் சம்மதமும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதியிருக்கும். இதை வகுத்தவர்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன். உன் சொந்த டொமைனில் அந்த வரியைப் போட மறந்துவிட்டு, அறிக்கை வரவில்லையே மாமா என்று ராத்திரி பதினொன்றுக்குப் போன் பண்ணாதே.

மைக்ரோசாஃப்டிலும் எஸ்என்டிஎஸ் என்று ஒன்று உண்டு. அது டொமைனைப் பார்க்காது, ஐபியைப் பார்க்கும். அந்த ஐபிக்குப் பொறுப்பானவரின் சம்மதம் கேட்டே திறக்கும். அண்ணாச்சி அனுப்புவது பெரிய கம்பெனிகளின் பொது ஐபியிலிருந்து என்பதால் உனக்கு இப்போது அது வேண்டாம்.

பார்க்கிற விவரம் அவருடையது என்பதை மறக்காதே. வரைபடம் நன்றாக ஏறினால் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியாதா. லாட்ஜ் பேர் தெரிகிற படத்தை அண்ணாச்சியிடம் கேட்காமல் யாருக்கும் காட்டாதே, அடுத்த வாடிக்கையாளருக்கும் கூட. எந்த மாசம் எத்தனை மெயில் போனது என்று தெரிந்தால் எத்தனை அறை போனது என்று பக்கத்து லாட்ஜ்காரர் கணக்குப் போட்டுவிடுவார். சோலி முடிகிற அன்று, ‘மேனேஜ் யூஸர்ஸில் என் பேரை எடுத்துவிடுங்க அண்ணாச்சி’ என்று நீயாகவே சொல். டிமார்க் வரியில் இருக்கிற உன் முகவரியையும் அன்றே மாற்றிக் கொடு. சம்பளம் பாக்கி இருந்தாலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசாதே. பாக்கியைப் பில் போட்டுக் கேள்.

இனி இன்றைக்குச் செய்ய வேண்டியது. அண்ணாச்சிக்கு ஒரு செய்தி அனுப்பு: “அண்ணாச்சி, நீங்க அனுப்பின பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம், அழிச்சிட்டேன். நீங்க அதை இன்னைக்கே மாத்திடுங்க. மாத்தும்போது, நீங்க அறியாத போன், கம்ப்யூட்டர் எதுவும் உங்க கணக்கில நுழைஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க. புதன்கிழமை நேர்ல வாறேன், அரை மணி நேரம் ஒதுக்குங்க.” அனுப்பிவிட்டு, நீ உன் லேப்டாப்பில் அவர் கணக்கில் நுழைந்திருந்தால் வெளியே வா; பிரவுசர் நினைவில் வைத்திருக்கிற பாஸ்வேர்டையும் அழி. அவர் கொஞ்சம் வருத்தப்படுவார், நம்பிக் கொடுத்ததை வேண்டாம் என்கிறாளே என்று. நேரில் போகும்போது இரண்டு நிமிஷம் எடுத்துச் சொல், புரிந்துகொள்வார். உன் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறாயா என்பதையும் புதனுக்கு முன்னால் பார்த்துக்கொள், இனி அவர் டொமைன் விவரம் உன் கணக்கு வழியாகத்தான் தெரியப் போகிறது.

அவர் சேர்த்ததும் உனக்குப் பக்கம் திறக்கிறதா என்று அவர் முன்னாலேயே திறந்து பார், வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று விடாதே. வருகிற வழியில் சுசீந்திரத்தில் இறங்கி அத்தைக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள். அவள் உனக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். டிஎன்எஸ் கோப்பையும் எடுத்து வா, எஸ்பிஎஃப் வரியை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா